ஓடாத வீடியோவை உடனே மாற்றாதே

கள்ளக்குறிச்சி

அன்புள்ள மருமகனுக்கு,

வெள்ளிமலையில் நீ வீடியோ கடை போட்டதையும், சுற்றுப்பக்கத்து ஊர்க்காரர்கள் நம்பி வரத் தொடங்கியிருப்பதையும் உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது.

வீடியோ ஓடவில்லை என்று யார் வந்தாலும் உடனே கன்வெர்ட்டரில் போட்டுவிடுவதாகவும், சிலது சரியாகி சிலது முன்னைவிட மோசமாவதாகவும் போனில் சொன்னாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓடாததற்குக் காரணம் தெரியாமல் கன்வெர்ட் செய்யாதே. முதலில் ஒரிஜினலை உன் ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொள். எதைச் செய்தாலும் அந்தக் காப்பியில் செய்.

ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்றோ ஏவிஐ என்றோ இருப்பது வெறும் தூக்குவாளி. உள்ளே குழம்பா மோரா என்பதை மூடியைத் திறந்தால்தான் சொல்ல முடியும். உள்ளே இருப்பதைத் தீர்மானிப்பது கோடெக். விஎல்சி பிளேயரில் வீடியோவைத் திறந்து கன்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் கோடெக்கின் பெயர் தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் விவரமாகக் காட்டும்.

சத்தம் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஃபைலில் கோளாறு இல்லை. இப்போதைய போன்கள் பல எச்.265 முறையில் பதிகின்றன. ஐபோனில் அது 2017-லேயே வந்துவிட்டது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதைப் படிக்கும் டிகோடர் இருக்காது. விஎல்சியில் தன்னுடைய டிகோடரே இருப்பதால் அதில் ஓடிவிடும். படம் விட்டுவிட்டு வந்தால், பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் டிஸ்கில் ஏற்றி ஓட்டிப் பார். அப்போதும் திணறினால், பெரும்பாலும் அந்த வீடியோவைத் தாங்கும் சக்தி அந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை என்று பொருள். எடிட் செய்யும்போது போகப்போகப் பேச்சும் வாயசைவும் விலகினால், போன் நொடிக்கு நொடி ஃபிரேம் எண்ணிக்கையை மாற்றிப் பதிந்திருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ வைத்து மாற்றினால் சரியாகும்.

பதிவு செய்யும்போதே பேட்டரி தீர்ந்து நின்றுபோன எம்பி4 பெரும்பாலும் எதிலும் ஓடாது. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும், அது எழுதப்படாமலே போயிருக்கும். அந்த மெமரி கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாதே. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி பல சமயம் மீட்டுத் தரும். கரண்ட் போய்வரும் இடத்தில் நீ கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது எம்கேவியில் பதி. நடுவில் நின்றாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும்.

மாற்றியே தீரவேண்டும் என்றாலும் இரண்டு வழி உண்டு. உள்ளிருப்பதைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவது ஒன்று. எஃப்எஃப்எம்பெக், லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள் அதைச் சில நிமிடத்தில் முடிக்கும், தரம் துளியும் குறையாது. மற்றது முழுவதையும் புதிதாக என்கோட் செய்வது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிவு போகும், போனது திரும்பாது. முதல் வழி பலிக்காதபோது மட்டும் இரண்டாவதைத் தொடு. வீட்டு டிவியில் பென்டிரைவ் செருகிப் பார்க்கக் கேட்பவர்களுக்கு எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 அநேகமாகப் போதும். ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது என்பதையும் நினைவில் வை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்.

மென்பொருளை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. 2022-இல் விஎல்சியின் தளம் இந்தியாவில் பல மாதம் முடக்கப்பட்டிருந்து, நவம்பரில்தான் திறந்தது. அப்படி ஒரு நிலை மறுபடி வந்தாலும் ‘கோடெக் பேக்’ என்று யாரோ வைத்திருப்பதை எடுக்காதே. அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீ இருக்கும் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் திருவிழா, கல்யாணம், பெரியவர்கள் பாடிய பாட்டு என்று பழைய விஎச்எஸ், மினிடிவி கேசட்டுகள் வீட்டுக்கு வீடு இருக்கலாம். மலை ஈரத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் படலம் தெரிந்தால் டெக்கில் போடாதே, அந்த டெக்கில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். புது விசிஆர் இனி வாங்க முடியாது, கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. கையில் இருக்கும் டெக்கைப் பத்திரமாக வை. மினிடிவியை அப்படியே ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். இடம் பிடிக்கிறது என்று அதைச் சுருக்கி வைத்துவிட்டு மூலத்தை அழிக்காதே. பார்ப்பதற்கு ஒரு சிறிய காப்பி போட்டுக் கொடு. மூலத்தை இரண்டு தனித்தனி டிஸ்கில் வை, ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.

அந்தப் படத்தில் இருப்பவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் முகமும் குரலும் வேறெங்கும் பதிவாகியிருக்காது. வேலை ஒரு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார், ஒரிஜினல் போனால் யாராலும் ஈடு செய்ய முடியாது. அதனால் அவசரப்படாதே, மருமகனே. காப்பி எடு, காரணம் பார், பிறகு கை வை.

அன்புடன்,
உன் மாமா