எண்ணிக்கையும் மரபுவளமும்

நுழையும்முன்

ஓர் உயிரினம் அழிவிலிருந்து மீண்டுவிட்டது என்பதை எதனைக்கொண்டு அறிவது? எண்ணிக்கை பெருகினால் போதுமா? ஆப்பிரிக்காவின் மலைக் கொரில்லாக்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மீண்ட இனம்

ருவாண்டா, உகாண்டா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் கூடுமிடத்தில் விருங்கா எரிமலைத்தொடர் அமைந்துள்ளது. அங்கும், அதற்கு வடக்கே உள்ள பிவிண்டிக் காட்டுப்பகுதியிலும் மட்டுமே மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. வேட்டையாலும் காடழிப்பாலும் 1981ஆம் ஆண்டில் விருங்காவில் எஞ்சியவை ஏறத்தாழ 250. வனக்காவலர்களின் காவலும் கால்நடை மருத்துவர்களின் பணியும் அவற்றைக் காத்தன. 2018ஆம் ஆண்டில் இரு காடுகளிலும் சேர்த்து எண்ணிக்கை 1000ஐக் கடந்திருந்தது. மிக அருகிய இனம் என்னும் நிலையிலிருந்து அருகிய இனம் என்னும் நிலைக்கு அவை மாற்றப்பட்டன.

மறைந்திருக்கும் குறை

ஒவ்வொரு மரபணுவிலும் தாய்வழி ஒரு படியும் தந்தைவழி ஒரு படியும் குட்டிக்கு வந்துசேர்கின்றன. ஒன்று பழுதுபட்டிருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் அதனை ஈடுசெய்யும். பெற்றோர் நெருங்கிய உறவாயின் ஒரே பழுது இருவழியாகவும் வந்துசேரக்கூடும். இதுவே உட்கலப்பின் தீங்கு. விந்தணுக்களின் தரக்குறைவு, கருச்சிதைவு, பிறந்த குட்டி இறத்தல் என அதன் விளைவுகள் பெரும்பாலும் இனப்பெருக்கத்திலேயே வெளிப்படும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே ஈனும் கொரில்லாவுக்கு ஒரு குட்டியின் இழப்பும் பேரிழப்பாகும்.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, மலைக் கொரில்லாக்களின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இரு படிகளிலும் ஒன்றுபோலவே இருப்பதைக் காட்டியது. நெடுங்காலம் சிறுகூட்டமாக வாழ்ந்ததால் மிகக் கொடிய பழுதுகள் சில, அவற்றைச் சுமந்த விலங்குகளோடு மறைந்தன. சிறிய பழுதுகளோ தங்கிவிட்டன.

இயற்கையின் வேலி

கூட்டத்தின் குட்டிகளுள் பெரும்பாலானவற்றுக்கு, முதுகில் வெள்ளிநிற மயிர் படர்ந்த தலைமை ஆணே தந்தை. பருவமெய்திய பெண் கொரில்லாக்களுள் பல, பிறந்த கூட்டத்தை நீங்கி வேறு கூட்டத்தில் சேர்கின்றன. உட்கலப்பைத் தடுக்க இயற்கை இட்ட வேலி இது. ஆயினும், இரு காடுகளுக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுக்கு வயல்களும் ஊர்களும் பரந்துள்ளன. விருங்காவில் பிறந்த பெண், பிவிண்டியை அடைய வழியில்லை. தலைமுறைகள் செல்லச்செல்ல, அவள் சேரும் கூட்டமும் உறவுக்கூட்டமாகவே அமையும்.

ஒரே விதைநெல்லைப் பல வயல்களில் விதைத்தால் விளைச்சல் பெருகும், நெல்வகை பெருகாது. அதுபோல, இழந்த எண்ணிக்கையைச் சில பத்தாண்டுகளில் மீட்கலாம். இழந்த மரபுவளம் மீண்டும் உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். ஆதலால், கூட்டங்கள் பலவாக இருக்கும்போதே அவற்றைக் காப்பதும் காடுகள் துண்டாகாமல் தடுப்பதுமே உண்மையான பாதுகாப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

கொரில்லாக்கள் இரவுதோறும் புதிய படுக்கை அமைத்து உறங்குகின்றன. அங்கு விட்டுச்செல்லும் சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு கணக்கெடுக்கின்றனர்.