சித்தி முதல் வாணி ராணி வரை



தொலைக்காட்சித் தொடர் என்றதும் கற்றவர் பலர் முகஞ்சுளிக்கின்றனர். அறியாத பெண்களின் அழுகைப் பெட்டி என்று நகைக்கின்றனர். நானோ அறிவியல் பயில்பவள். எதையும் ஆராய்ந்த பின்னரே தள்ள வேண்டும் என்பது எங்கள் பாடம். ஆகவே, அத்துறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்து நின்ற ஒரு நடிகையின் வாழ்வை ஆராய்வோம். அவர் ராதிகா சரத்குமார்.

நடிகவேள் எம்.ஆர். ராதாவின் மகள் அவர். தாயார் இலங்கையைச் சேர்ந்தவர். 1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' அவரைச் சிற்றூர்ப் பெண்ணாகத் திரைக்குக் கொண்டுவந்தது. தமிழிலும் தெலுங்கிலும் புகழ் பெற்றார். கமல்ஹாசனுடன் அவர் நடித்த 'சுவாதி முத்யம்' என்னும் தெலுங்குப் படத்தை, 1986இல் இந்தியா ஆஸ்கார் போட்டிக்கு அனுப்பியது. 1993இல் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் அவர் ஏற்ற தங்கை வேடத்தை யார் மறப்பார்?

ஆயினும் திரையுலகில் ஒரு வழக்கம் உண்டு. ஐம்பது வயதிலும் நடிகர் காதலர்தாம். முப்பத்தைந்தைக் கடந்த நடிகையோ அவருக்கு அண்ணி, அல்லது அம்மா! அந்த வயதில் ராதிகா என்ன செய்தார்? வாய்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. ராடான் என்னும் தம் நிறுவனத்தின் வழியே தாமே தொடர் எடுத்தார். சி.ஜே. பாஸ்கர் இயக்கிய 'சித்தி' 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி, 2001 நவம்பர் வரை ஓடியது. சித்தி என்றாலே கொடியவள் என்று கதைகள் கூறிவந்த நாட்டில், மூத்தாள் மகளை அன்போடு வளர்க்கும் சித்தியை அது காட்டியது. பின்னர் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என வரிசையாக வந்தன. 2013இல் தொடங்கிய 'வாணி ராணி'யில் வழக்கறிஞராகவும் இல்லத்தரசியாகவும் இரு வேடம் ஏற்றார். அது 2018இல் நிறைவுற்றது.

இந்த நிலைபேற்றின் காரணம் என்ன? நடிப்பு மட்டுமன்று. அக்காலத்தில் தொடர் எடுப்போர் நிலையத்துக்குக் கட்டணம் செலுத்தி ஒளிபரப்பு நேரத்தைப் பெறுவர். இடையே வரும் விளம்பர நேரத்தை விற்று முதலை மீட்பர். இலாபமும் அவர்களுடையது, நட்டமும் அவர்களுடையது. கூலி பெறும் நடிகையை நீக்கலாம்; முதலாளியை நீக்குவது எங்ஙனம்?

இனி உழைப்பைக் கணக்கிடுவோம். வாரத்துக்கு 5 நாள் எனில், ஆண்டுக்கு 260 பகுதிகள். விளம்பரம் நீக்கிப் பகுதிக்கு 20 நிமிடம் என்றால் 5,200 நிமிடங்கள். அதாவது, இரண்டரை மணி நேரப் படங்கள் ஏறக்குறைய 35! ஓராண்டில் அத்தனை படங்களுக்கு ஈடான காட்சிகளைத் தாங்கும் ஒரு தொடருக்கு நாள்தோறும் படப்பிடிப்பு வேண்டாமா?

பார்த்தவர்கள் யார்? பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம். இடுக்கியில் மூணாறு, வண்டிப்பெரியாறு. 1956இல் கேரளம் அமைந்தபோது எல்லைக்கு இப்பால் நின்ற தமிழர் வாழும் ஊர்கள் இவை. இங்கே அலுவலகத்தில் மலையாளம். கடைவீதியில் இரு மொழியும். கொழுந்து கிள்ளிவிட்டு லயத்துக்குத் திரும்பும் என் அம்மாவுக்கு, இரவில் தமிழ் கேட்கும் அரைமணி நேரம் அத்தொடர்தான். தமிழ்நாட்டை அவர் கண்டதினும் கேட்டதே மிகுதி.

குறைகள் இல்லையா? உண்டு. கதை நத்தைபோல் ஊர்கிறது. ஒரு பெண்ணின் துன்பத்துக்கு மற்றொரு பெண்ணே காரணமாகிறாள். தோட்டத் தொழிலாளியின் வாழ்வு அங்கே இடம்பெறுவது அரிது. இவற்றைக் கண்டிப்பது நம் கடமை.

ஆனால், தொடரைக் கண்டிப்பது வேறு. பார்ப்பவரை இகழ்வது வேறு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள், ஆண்கள் தலைமை தாங்கிய சங்கங்களை விலக்கிவிட்டு, 'பொம்பிளை ஒற்றுமை' என்னும் பெயரில் திரண்டு போனஸ் கேட்டுப் போராடி வென்றனர். தொடர் அவர்களுக்குப் போராடக் கற்பித்தது என்று நான் கூறவில்லை. இரவில் தொடருக்காகக் கண் கலங்கியோர் பகலில் தம் உரிமையை அறியாதவர் அல்லர் என்றே கூறுகிறேன்.

தம் வேலைக்குத் தாமே உரிமையாளரானதுதான் ராதிகாவின் வாழ்வு தரும் பாடம். பட்டம் பெற்று வேலை தேடப் புறப்படும் நமக்கும் அது பொருந்தும். விடுமுறையில் வீடு செல்லும் நண்பர்களே, அம்மா தொடர் பார்க்கும்போது நகைக்காதீர்கள். அருகில் அமர்ந்து, "கதை என்னம்மா?" என்று கேளுங்கள். அவர் கூறும் தீர்ப்பில் தொடரைவிடச் சிறந்த கதை ஒன்று இருக்கும்.