நிலக்கடலை வெண்ணெய்: வீட்டுத் தேவைக்கு ஆக்கும் முறை

நிலக்கடலை உலர் வலயக் கமக்காரர் நன்கறிந்த பயிராகும். மொனராகலை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம், அனுராதபுரம் ஆகிய மாவட்டங்களிலும், வன்னியிலும், கிழக்கிலும் இது மேட்டு நிலத்திற் பெரும்போகத்திலும், நீர் வசதியுள்ள இடங்களிற் சிறுபோகத்திலும் செய்கை பண்ணப்படுகின்றது. தமிழர் இதனைக் கச்சான் என வழங்குவர். நல்லூரிலோ மாமாங்கத்திலோ வற்றாப்பளையிலோ திருவிழாக் காணச் சென்றவர் கச்சான் பொதியின்றி வீடு திரும்புதல் அரிது.

ஆயினும், இதனை விளைவிப்போர் வீட்டில் நிலக்கடலை அவித்தோ வறுத்தோ உண்ணப்படுவதன்றி வேறு வகையில் உணவாவது குறைவு. வறுத்த பருப்பை நன்கு அரைத்துப் பசையாக்கினால் அதுவே நிலக்கடலை வெண்ணெய் எனப்படும். இதிற் பால் சேர்வதில்லை. பாணில் வெண்ணெய் போற் பூசத்தக்கதாதலின் இப்பெயர் பெற்றது. கடையில் விற்கப்படும் இப்பண்டத்தை வீட்டில் ஆக்குதற்குச் சிறப்பான கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல பருப்பும், உலர்ந்த அம்மியும், சிறிது பொறுமையும் போதும். இவற்றுள் நல்ல பருப்பே முதன்மையானது. அதன் காரணம் கீழே விளக்கப்படுகின்றது.

உணவுப் பெறுமதி

நிலக்கடலைப் பருப்பின் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு புரதமும், பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எண்ணெயும் ஆகும். நயாசின் என்னும் விற்றமினும் விற்றமின் ஈயும் இதில் நிறைந்துள்ளன. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சுமார் 95 கலோரிச் சக்தியையும் 4 கிராம் புரதத்தையும் அளிக்கும். காலை பத்து மணிக்கு வயலில் வெறுந் தேநீரும் விசுக்கோத்தும் உண்டு மண்வெட்டி பிடிப்பவருக்கும், பாடசாலை விட்டுப் பசியுடன் வரும் பிள்ளைகளுக்கும் இது தகுந்த இடைநேர உணவாகும்.

மரக்கறிச் செய்கையாளர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. கரட், பூசணி, கீரை ஆகியவற்றிலுள்ள கரோட்டீன் என்னும் பொருள் உடலில் விற்றமின் ஏயாக மாறுவது. இதனை உடல் நன்கு ஏற்பதற்கு உணவிற் சிறிது கொழுப்பு இருத்தல் வேண்டும். எனவே தோட்டத்து மரக்கறியுடன் நிலக்கடலை சேருமிடத்து மரக்கறியின் பயனும் மிகுகின்றது.

பணப்பயிர் விளைப்போர் தம் வீட்டு உணவையும் கவனித்தல் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, தஸ்கீகிக் கல்வி நிலையத்திற் பணியாற்றிய ஜோர்ஜ் வாஷிங்டன் காவர் 1916 ஆம் ஆண்டில் ஒரு பிரசுரம் வெளியிட்டார். பருத்தியையே நம்பி மண்வளமிழந்த ஏழைக் கமக்காரரிடையே உழைத்த அவர், நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும், அதனை உணவாக்கும் 105 வழிகளையும் அதில் விளக்கினார்.

வீட்டுக்கு எஞ்சுவது எது?

கமக்காரர் வீடுகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பருத்த, ஒளியுள்ள காய் வியாபாரிக்குச் செல்லும். சுருங்கியதும், உடைந்ததும், கறுத்ததும் கடகத்தில் வீட்டுக்கு எஞ்சும். அதனை வீணாக்கலாகாது என்று வறுத்து இடித்துப் பிள்ளைகளுக்கு உருண்டையாக்கிக் கொடுப்பர். மீதி கோழிக்கும் மாட்டுக்கும் போகும். சிக்கனம் கருதிச் செய்யப்படும் இவ்வழக்கம் தீங்கானது.

ஈரமுள்ள நிலக்கடலையில் அசுப்பேகிலசு என்னும் பூசண இனங்கள் வளர்கின்றன. இவற்றுட் சில அப்லாதொட்சின் என்னும் நஞ்சை உண்டாக்குவன. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. அவற்றின் தீனியிற் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணமென ஆராய்ந்து அறியப்பட்டது. அவ்வாராய்ச்சியின் வழியாகவே இந்நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. இது ஈரலைத் தாக்குவது. நெடுங்காலம் சிறிது சிறிதாக உட்கொள்ளப்படினும் மனிதரில் ஈரற் புற்றுநோயை உண்டாக்குவது. நஞ்சுள்ள தீனியை உண்ட பசுவின் பாலிலும் இதன் கூறு வந்து சேரும்.

இந்நஞ்சு வறுத்தலால் முற்றாக அழிவதில்லை. பூசணம் வெப்பத்தால் மடியும். அது விட்டுச் சென்ற நஞ்சோ பெரும்பாலும் நிலைத்திருக்கும். மேலும், முழுப் பருப்பாக உண்பவர் கசப்பான ஒன்றைத் துப்பிவிடலாம். அரைத்த பின் அக்கசப்பு மற்றவற்றின் சுவையில் மறைந்து போகும். ஒரு பிடி கெட்ட பருப்பு ஒரு போத்தல் வெண்ணெயையும் கெடுத்துவிடும். வீட்டில் ஆக்குவதன் பெரிய நன்மை, ஒவ்வொரு பருப்பையும் கண்ணாற் பார்த்துத் தெரிய இயல்வதே. அவ்வாறு தெரியாவிடின் அந்நன்மை இல்லை.

அறுவடையும் உலர்த்தலும்

நல்ல வெண்ணெய்க்கான வேலை வயலிலேயே தொடங்குகின்றது.

காய் முற்றியதும் காலந் தாழ்த்தாது அறுவடை செய்தல் வேண்டும். சில காய்களை உடைத்துப் பார்க்கும்போது கோதின் உட்புறம் கருங்கபில நிறமடைந்திருப்பின் அவை முற்றியவை. மண்வெட்டி பட்டு வெடித்த காய்களையும், கறையான் அரித்தவற்றையும் அப்போதே வேறாக்குக. பூசணம் உட்புகுவது பெரும்பாலும் அவ்வழியாகவே.

பிடுங்கிய செடிகளைக் காய்கள் மேல் நோக்குமாறு கவிழ்த்து இரண்டு மூன்று நாள் வெயிலில் விடுதல் நன்று. பின்னர் காய்களை ஆய்ந்து, வெறுநிலத்திற் பரப்பாது, பாயிலோ படங்கிலோ மெல்லிய படையாகப் பரப்பி உலர்த்துக. மாலையிற் பனி படுமுன் மூடுதல் வேண்டும். காதருகே குலுக்கும்போது பருப்பு உள்ளே கலகலவென ஒலித்தலும், பருப்பை இரு விரலால் நெரிக்கும்போது தோல் கழன்று வருதலும் காய் நன்கு உலர்ந்ததற்கு அடையாளங்கள்.

கோது எளிதில் உடையும் பொருட்டு உலர்ந்த காயில் நீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது முற்றாகக் கைவிடத்தக்கது. பல நாள் வெயில் செய்த நன்மையை ஒரு செம்பு நீர் அழித்துவிடும். வீட்டுத் தேவைக்கான நிலக்கடலையைக் கோதுடனேயே சாக்கிலிட்டு, நிலத்திலும் சுவரிலும் படாது பலகை மேல் வைத்து, வேண்டியபோது மட்டும் உடைத்துக் கொள்க.

பருப்பைத் தெரிதல்

500 கிராம் பருப்புப் பெற ஏறக்குறைய 750 கிராம் உலர்ந்த காய் தேவைப்படும். உடைத்த பருப்பைச் சுளகில் ஒரு படையாகப் பரப்பி, பகல் வெளிச்சத்திற் பார்த்துப் பின்வருவனவற்றை நீக்குக.

1. பச்சை, மஞ்சள், சாம்பல் அல்லது கறுப்பு நிறப் பூசணம் படிந்தவை.
2. சுருங்கியவை, முற்றாதவை.
3. வண்டு துளைத்தவை, முளை கொண்டவை.
4. வழமையான நிறம் மாறிக் கபிலமானவை.

நீக்கியவற்றைக் கோழிக்கோ மாட்டுக்கோ இடலாகாது. அவற்றிலிருந்து எண்ணெய் பிழிவதும் தகாது. ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுக.

வறுத்தல்

கச்சான் விற்போர் சூடான மணலில் வறுப்பர். வெண்ணெய்க்கு அம்முறை பொருந்தாது. மணற்றுகள் பசையிற் கலந்துவிடும். அடி கனத்த தாச்சியைச் சிறு நெருப்பில் வைத்து, பருப்பையிட்டு, 15 முதல் 20 நிமிடம் வரை இடையறாது கிளறுதல் வேண்டும். நெருப்பு மிகுந்தால் வெளிப்புறம் கருகி உட்புறம் பச்சையாக இருக்கும். அத்தகைய பருப்பு நன்கு அரைபடாது. ஒரு பருப்பைப் பிளந்து பார்க்கும்போது உட்புறம் இளங்கபில நிறமாகத் தோன்றின் பதம் சரியாகும். உடனே தாச்சியிலிருந்து இறக்கிச் சுளகிற் கொட்டுக. தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டினால் மேலும் கருகும்.

ஆறியபின் கைகளாற் கசக்கிப் புடைத்துத் தோலை நீக்குக. இப்போது இரண்டாம் முறை தெரிதல் வேண்டும். செந்தோலின் கீழ் மறைந்திருந்த கறை இந்நிலையில் தெளிவாகத் தெரியும். கறுத்த, கபிலப் புள்ளியுள்ள பாதிகளைத் தயங்காது எறிந்துவிடுக.

அரைத்தல்

அம்மியையோ ஆட்டுக்கல்லையோ முதல் நாளே கழுவி வெயிலில் உலரவிடுக. மிளகாய்க் காரம் தங்கிய அம்மியும் ஈரமுள்ள அம்மியும் ஆகா. பருப்பை முதலில் உரலிலிட்டு இடித்துக் கொண்டால் அம்மியில் வேலை இலகுவாகும். சிறு சிறு பங்காக அரைத்தல் வேண்டும்.

பருப்பு முதலில் மாவாகும். பின்னர் பிட்டு மாப் போலக் கட்டிபடும். எண்ணெய் இல்லையென எண்ணிப் பலர் கைவிடுவது இந்நிலையிலேதான். தொடர்ந்து அரைத்தால் பருப்பிலுள்ள எண்ணெய் வெளிப்பட்டு, கட்டி இளகி, பளபளப்பான பசையாகும். வேறு எண்ணெய் சேர்க்க வேண்டியதில்லை. மிக இறுக்கமாக இருப்பின் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடலாம். நீர் ஒரு துளியும் விடலாகாது. சிறிது நீர் பட்டாலும் பசை இளகாது இறுகும். விரைவிற் கெட்டும் போகும்.

மின்னரைப்பான் உள்ளோர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு அரைத்தல் வேண்டும். தொடர்ந்து ஓடினால் இயந்திரம் சூடேறிப் பழுதடையும்.

500 கிராம் பருப்புக்கு அரைத் தேக்கரண்டி உலர்ந்த தூளுப்புப் போதும். பனங்கட்டியோ சீனியோ சேர்க்க விரும்புவோர் உண்ணும்போது சேர்த்துக்கொள்ளலாம். பனங்கட்டியில் ஈரம் இருப்பதால் போத்தலிற் சேர்த்து வைத்தல் நன்றன்று.

சேமித்தல்

கண்ணாடிப் போத்தலையும் மூடியையும் கொதிநீரிற் கழுவி வெயிலில் முற்றாக உலர்த்துக. வெண்ணெயை இடைவெளியின்றி அழுத்தி நிரப்பி, இறுக மூடி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைத்து, எப்போதும் உலர்ந்த கரண்டியால் எடுக்கவும். சில நாளில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். இது பழுதன்று, கலக்கிக் கொள்க. உலர் வலயத்தின் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டிய அளவே ஒரு முறையில் ஆக்குதல் தகும். குளிர்சாதனப் பெட்டியுள்ளோர் இரண்டு மாதம் வரை வைத்திருக்கலாம். காறல் மணமோ கசப்போ தோன்றினால் உண்ணலாகாது.

உண்ணும் வகை

குரக்கன் ரொட்டியிற் பூசி உண்பது மிக நன்று. நிலக்கடலையிற் குறைவாக உள்ள கல்சியம் குரக்கனில் நிறைய உண்டு. வாழைப்பழத் துண்டுகளுடனும், பாணுடனும் உண்ணலாம். கரட், வெள்ளரிக்காய்த் துண்டுகளைத் தேசிக்காய்ப் புளியும் மிளகுதூளும் கலந்த இவ்வெண்ணெயில் தொட்டுக்கொள்ளலாம். கீரைக் கறியை இறக்கும் தறுவாயில் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் கறி தடித்துச் சுவை பெறும். எண்ணெய் மிகுந்த உணவாதலின் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பருப்புக் கொடுத்தலாகாது, தொண்டையில் அடைக்கக்கூடும். வெண்ணெயையும் கட்டியாகக் கொடாது ரொட்டியில் மெல்லியதாகப் பூசிக் கொடுக்கவும். சிலர் உடலுக்கு நிலக்கடலை ஒவ்வாது. முதன்முறை மிகச் சிறிதளவே கொடுத்துப் பார்க்கவேண்டும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியன காணின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. காயை நன்கு உலர்த்துக. உலர்ந்த காயில் நீர் தெளியாதீர்.
2. வறுக்குமுன் ஒரு முறையும், தோல் நீக்கியபின் ஒரு முறையும் தெரிந்தெடுக்குக.
3. பூசணம் பிடித்ததை மனிதர்க்கும் விலங்குக்கும் கொடாது புதைத்துவிடுக.
4. அம்மி, போத்தல், கரண்டி ஆகியவற்றில் ஈரம் ஆகாது.
5. அறுவடையன்றே நல்ல காயில் ஒரு சாக்கை வீட்டுக்கென வேறாக்கி வைத்து, எஞ்சியதை விற்பனைக்கு அனுப்புக. விளைத்தவர் பிள்ளைகளுக்கு உரியது முதற்றரமேயன்றிக் கழிவன்று.