கடைத்தெருவில் ஒற்றாடல்

வள்ளுவர் பொருட்பாலின்கண் ஒற்றாடல் என்னும் 59ஆம் அதிகாரத்தை அரசர்க்கென வகுத்தார். மறைந்து நின்று, நிகழ்வதை உள்ளவாறு அறிந்து வருதலே ஒற்றர் தொழில். அரசர் மறைந்தனர், ஒற்றாடல் மறைந்திலது. இக்காலத்தே அது கடைத்தெருவையும் அடைந்துள்ளது. சோப்பும் பிஸ்கட்டும் செய்து விற்கும் கம்பெனிகள், தம் பொருள்கள் கடைகளில் எங்ஙனம் வைக்கப்பட்டுள்ளன, என்ன விலைக்கு விற்கப்படுகின்றன, ஊழியர் அவற்றைப் பற்றி யாது கூறுகின்றனர் என்பவற்றை அறியும் பொருட்டு, வாங்குவோரைப் போலச் சென்று பார்த்து வரச் சிலரைக் கூலிக்கு அமர்த்துகின்றன. அவர்களை மிஸ்டரி ஷாப்பர் என்பர். சென்ற கோடை விடுமுறையில் யாமும் இத்தொழிலைச் சில வாரங்கள் செய்தோம். அதனாற் கற்றவற்றுள் நம் கல்லூரி நண்பர்க்குப் பயன்படுவனவற்றை ஈண்டு வரைகின்றோம்.

இத்தொழில் வேண்டப்படுவது என்னை எனின், முன்னறிவித்துச் செல்லும் அதிகாரிக்குக் கடை தன் திருநாட் கோலத்தையே காட்டும். அன்றாடக் கோலத்தைக் காண்பவர் வாங்குவோர் மட்டுமே. அமெரிக்க நாட்டில் 1940களில் மிஸ்டரி ஷாப்பிங் என்னும் பெயர் பெற்ற இவ்வழக்கம், முதற்கண் பணத்தைக் கையாளும் ஊழியரின் நேர்மையைச் சோதிக்கவே பயன்பட்டது. பின்னர்ப் பொருளின் வைப்பு, விலை, உபசாரம் ஆகியவற்றையும் அளக்கலாயிற்று.

இனி, ஆராயும் முறையைக் கூறுவாம். கேள்வித் தாளைக் கடைக்கு வெளியிலேயே படித்து மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். உள்ளே தாளும் எழுதுகோலும் எடுத்தலாகாது. புகுந்த நேரத்தை நினைவிற் கொள்க. குறித்த பொருள் கண்ணுக்கு நேரான தட்டில் உளதா, காலடியில் உளதா, எத்தனை உள என்று காண்க. பின்னர் முன்வரிசையில் ஒன்றையும் பின்வரிசையில் ஒன்றையும் எடுத்துத் தேதிகளை ஒப்பிடுக. முன்னர்க் காலாவதியாவது முன்வரிசையில் நிற்றலே முறை. பழையது பின்னே கிடப்பின், அது விலைபோகாமல் அங்கேயே கெடும்.

அடுத்து, உறையைப் படித்தல் வேண்டும். இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, செய்தவர் பெயரும் முகவரியும், நிகர அளவும், வரிகள் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையும், குறை கூறுவதற்கான தொடர்பு விவரமும் உறையில் இருத்தல் வேண்டும். அவ்விலைக்கு மேல் வாங்குவது குற்றம். குறைத்து விற்பதற்குத் தடையில்லை. உணவுப் பொருளாயின் இரு தேதிகளை வேறு பிரித்து அறிக. இன்ன நாளுக்குள் பயன்படுத்துக என்பது கடந்தால் உண்ணலாகாது. இன்ன நாள்வரை சிறந்தது என்பது கடந்தால் சுவையும் தரமும் குன்றக்கூடும் என்பதே பொருள்.

இறுதியில் ஒரு பொருளை வாங்கிப் பில்லைப் பத்திரப்படுத்துக. நாளும் விலையும் காட்டும் அச்சிறு தாளே நம் சொல்லுக்குச் சாட்சி. அறிக்கையை அன்றே எழுதுக. ஓரிரவு கழியின் நினைவுடன் கற்பனையும் கலந்துவிடும்.

வேடம் பூண்டு செல்லுதல் வஞ்சனை அன்றோ என நண்பர் சிலர் எம்மை வினவினர். வாங்குவோர் எவர்க்கும் வெளிப்படையாகச் செய்யப்படுவதைக் காணுமளவும் அது வஞ்சனையன்று என்பது எம் கருத்து. பிழையைக் காணச் செல்லலாம். பிழை செய்யத் தூண்டலாகாது. ஊழியரின் சொந்தப் பேச்சிற்குச் செவிகொடுத்தலும் தகாது.

நிற்க. இத்தொழிலில் அரியது வேடமன்று. கண்டதையும் கருதியதையும் பிரித்தெழுதுதலே அரியது. ஊழியர் மூன்று நிமிடங் கழித்து வந்தார் என்பது கண்டது. ஊழியர் சோம்பர் என்பது கருதியது. இவ்வேறுபாட்டை யாம் ஒரு பிழையினாற் கற்றோம்.

ஒரு நாள் மாலை ஒரு பெரிய கடையில், சோப்புப் பகுதியில் நின்ற பெண்மணியிடம் இரண்டு வகைச் சோப்புகளின் வேறுபாட்டை வினவினோம். அவர் தட்டிற் சாய்ந்தவாறே, எம் முகம் நோக்காது, இரண்டும் ஒன்றுதான் தம்பி என்றார். உபசாரத்திற்கு ஐந்தில் ஒரு மதிப்பெண் இட்டு, ஊழியர்க்கு அக்கறையில்லை என்று எழுதினோம். பத்து நாள் கழித்து மீண்டும் அக்கடைக்கு அனுப்பப்பட்டோம். அங்கு வேறொருவர் நின்றார். முன்பிருந்த அக்கா எங்கே என வினவினோம். யாரோ குறை எழுதிவிட்டாராம், நிறுத்திவிட்டார்கள், காலையிலிருந்து நின்று அவருக்குக் கால் வீங்கியிருந்தது என்றார் அவர்.

எம் அறிக்கை ஒன்றே காரணமோ, அறியோம். ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அப்பகுதியில் உட்கார ஓர் இருக்கையும் இல்லாததை இருமுறையும் யாம் கண்டிருந்தோம். கடை ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டுமெனக் கேரள அரசு 2018இல் விதித்தது; தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2021இல் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி அவ்வாறே விதித்தது. எனினும் எம் கேள்வித் தாளில், ஊழியர் புன்னகை புரிந்தனரா என்று கேட்ட வரி இருந்தது; இருக்கை உளதா என்று கேட்ட வரி இல்லை. கேளாததை யாமும் எழுதினோமில்லை. கண்ட இருக்கையின்மையை விடுத்துக் காணாத அக்கறையின்மையை எழுதினோம்.

ஒருவர் ஒற்றி வந்ததை மற்றுமொருவரால் ஒற்றிக்கொள்ளல் வேண்டுமென்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்த வழியே தெளிதல் வேண்டுமென்றும் வள்ளுவர் கூறியதன் ஆழம் அன்றுதான் எமக்கு விளங்கிற்று. ஒருவரின் ஒரு வருகை ஒரு கணத்தையே காட்டும். அதனைக் கொண்டு ஒருவரின் பிழைப்பை நிறுத்தலாகாது. அதன்பின் எழுதிய அறிக்கைகள் எல்லாவற்றிலும், பிற குறிப்புகள் என்னும் இடத்தில், இருக்கை உண்டு அல்லது இல்லை என்று எழுதினோம். கேட்டதற்கு மட்டும் விடை எழுதுக என அலுவலகத்தினின்று ஒருமுறை செய்தி வந்தது. விடுமுறை முடியுமளவும் எழுதியே வந்தோம்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளலிலும் கொடுத்தலிலும் நடுவுநிலை பிறழாதவர் எனப் பட்டினப்பாலை புகழ்கின்றது. கள்ளத் தராசினை நீதிமொழிகள் கடிகின்றது. அத்தராசு கடைக்காரர் கையில் மட்டும் உளது என எண்ணியிருந்தோம். ஆராயச் செல்வோர் கையிலும் ஒன்று உளது. அதனை முதலிற் சரிபார்த்துக்கொண்டு பின்னர்க் கடைக்குட் புகுவோமாக.