அயர்லாந்தின் வார இறுதி ஆட்டங்கள்

ஐரோப்பாவின் மேற்கே அயர்லாந்து என்னும் தீவு உள்ளது. ஆண்டின் தொடக்கத்தில், குளிர் நீங்கா வேளையில், அங்கே கேலிக் காற்பந்து, ஹர்லிங் ஆகிய லீக் ஆட்டங்கள் தொடங்கும். சனி, ஞாயிறுகளில் மாவட்டக் குழுக்கள் களமிறங்கும். அவற்றைக் காணுமுன் நாம் சிலவற்றை அறிந்துகொள்வோம்.

இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர் ஆடுவர். கேலிக் காற்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஹர்லிங்கில் வளைந்த மர மட்டையால் சிறு தோற்பந்தை அடிப்பர். பந்து குறுக்குச் சட்டத்தின் கீழே வலைக்குள் புகுந்தால் கோல். அதற்கு 3 புள்ளிகள். சட்டத்துக்கு மேலே, கம்பங்களின் நடுவே சென்றால் 1 புள்ளி. காற்பந்தில் மட்டும், 40 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து அவ்வாறு உதைத்தால் 2 புள்ளிகள். இவ்விதி 2025இல் வந்தது.

ஹர்லிங்கில் ஒரு குழு 2 கோல், 10 புள்ளி. மற்றது 1 கோல், 12 புள்ளி. வென்றது எது? கணக்கிடுவோம்: 16க்கு 15. முதற்குழுவே வென்றது!

காற்பந்து லீக்கில் நான்கு பிரிவுகள்; பிரிவுக்கு எட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழே ஆட்டங்கள். முதல் மூன்று பிரிவுகளில் கடைசி இரு குழுக்கள் கீழிறங்க நேரும். ஆதலால் ஒவ்வொரு வாரமும் முக்கியமானதே.

இவ்விளையாட்டுகளை வளர்க்கும் சங்கம் 1884இல் தர்லஸ் நகரில் தோன்றியது. இதன் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறுவதில்லை. ஞாயிறன்று பல்லாயிரவர் முன் ஆடியவர், திங்களன்று ஆசிரியராகவோ உழவராகவோ தம் பணிக்குத் திரும்புவார். ஊரின் பெயரே அவருக்குப் பரிசு.

பள்ளிக்காக ஆடும் நாமும் இதனை நினைவிற்கொள்வோம்.