அந்தச் சனிக்கிழமை எங்கே தொடங்கியது?

குடியை நிறுத்தி நாலைந்து மாதம் நன்றாக இருந்தவர் ஒருநாள் குடித்துவிட்டு வந்து நின்றால், வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் குடிச்சே?" அவரிடம் பதில் இருக்காது. "தெரியல, என்னமோ போயிட்டேன்" என்பார். அது பொய் இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. அதனால் ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் ஏன் என்று கேட்பதில்லை. "அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது ஒருவரின் கதையல்ல, பலருடையது கலந்தது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கடையில் நிற்கிறார். அங்கிருந்து பின்னோக்கிப் போவோம். எட்டு மணிக்கு வாரச் சம்பளம் கைக்கு வந்தது. வழக்கமாக உடனே மனைவியின் கணக்குக்கு அனுப்பிவிடுவார். அன்று அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டதில் கான்ட்ராக்டரோடு தகராறு; அனுப்பவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் பழைய கூட்டாளியின் வண்டியில் ஏறினார். அந்த வண்டி எந்த வழியாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். மதியம் சாப்பாடு இல்லை, டீயும் பன்னும்தான். ஷிப்மென்ட் அவசரத்தில் வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட், தூக்கம் போதவில்லை. புதன்கிழமை, குடியை விட எடுத்துவந்த மாத்திரை தீர்ந்துவிட்டது, சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்று விட்டார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷ வீட்டில், பத்துப் பேர் நடுவே மச்சான் சொன்னார்: "பார்ப்போம், எத்தனை நாளைக்குன்னு."

ஆக, அந்தக் குடி தொடங்கி ஆறு நாளாகிவிட்டது. சனிக்கிழமை கடை வாசலில் மனவுறுதியைத் தேடினால் கிடைக்காது. ஆனால் புதன்கிழமை மாத்திரை வாங்க முடியும். சம்பளம் வந்த நிமிடமே பணத்தை அனுப்ப முடியும். வண்டியில் ஏறாமல் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியும். அமெரிக்க உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-இல் கொண்டுவந்த நூல், குடிக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் இப்படிப்பட்ட சின்ன முடிவுகளைத்தான் கவனிக்கச் சொல்கிறது.

அதே நூல் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறது. ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய குடிக்கே திரும்புவது வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது பெரும்பாலும் அந்த ஒரு குவார்ட்டர் அல்ல. "அதான் போச்சே, இனி என்ன இருக்கு" என்ற நினைப்பு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற குடிநோயாளிகளின் சுயஉதவி அமைப்பை பில் வில்சனோடு சேர்ந்து தொடங்கிய டாக்டர் பாப், வில்சனைச் சந்தித்துக் குடியை விட்ட பிறகு ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்து, கடைசியாக ஒருமுறை குடித்து நிறுத்திய நாள் என்று அவர்கள் குறிப்பது 1935 ஜூன் 10. அதைத்தான் அந்த அமைப்பு தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கலை மறைத்திருந்தால் அவர்களுக்கு அப்படியொரு நாளே இருந்திருக்காது. எனவே சறுக்கிய இரவே யாராவது ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். தலைவலிக்கு என்று மறுநாள் காலை ஒரு கட்டிங் போடாதீர்கள். அந்த வாரத்துக்குள் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள்.

இனி நல்ல நாட்களுக்கு வருகிறேன். இவற்றிலிருந்து யாரும் பாடம் எடுப்பதில்லை என்பது என் பெரிய ஆதங்கம். கார்த்திகையில் மாலை போட்டு 41 நாளும் ஒரு சொட்டுத் தொடாதவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மாலையைக் கழற்றியதும் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அதைச் சொல்லி ஊர் சிரிக்கும். நான் அவர்களிடம் கேட்பது, அந்த 41 நாள் எதெல்லாம் தாங்கியது என்று. விடியற்காலைக் குளியல். சாயங்காலம் போய் உட்கார பஜனை. 'சாமி' என்று கூப்பிட்டு மரியாதை தரும் சுற்றம். பழைய கூட்டாளிகளும் அந்த நாட்களில் குடிக்கக் கூப்பிடுவதில்லை. இவற்றில் மாலை கழற்றிய பிறகும் எதைத் தொடர முடியும்? என் அனுபவத்தில் மிக முக்கியமானது சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை போய் இருக்க ஓர் இடம். கோயிலோ, பிள்ளையின் டியூஷன் வாசலோ, ஏ.ஏ. கூட்டமோ, எதுவானாலும் சரி.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் மாலைக்காகவோ வேறு எதற்காகவோ திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வையில் தொடங்கி, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நல்ல நாளிலும் கண்ணி உண்டு. தீபாவளி போனஸ், மகள் பாஸானது, ஊர்த் திருவிழா. வருத்தத்தில் குடிப்பவர் மீதிருக்கும் கவனம், சந்தோஷத்தில் இருப்பவர் மீது யாருக்கும் இருப்பதில்லை. "இப்பதான் நல்லா இருக்கேனே, ஒண்ணே ஒண்ணு" என்ற பேச்சு பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தூங்கும் முன் இரண்டு வரி போதும்: இன்று ஆசை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வந்தது, எப்படிக் கடந்தேன். ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் செய்தது என்ன என்பதுதான் எழுத வேண்டியது. ஆசையே வராத நாளையும் எழுதுங்கள், அன்று எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று.

வீட்டாருக்கு: அந்த நோட்டைச் சண்டையில் எடுத்து வாசிக்காதீர்கள், அன்றோடு அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடி நிறுத்தும் மாத்திரையோ பொடியோ கலக்காதீர்கள். அப்படிப்பட்ட மருந்தான டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு வரும், இரத்த அழுத்தம் சரியும். உயிர் போகவும் கூடும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து இருக்கிறது. அவர் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டிய மருந்து அது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மனநல உதவிக்கான டெலி மனாஸின் 14416 எண்ணுக்குக் குடும்பத்தாரே பேசலாம். இரவானாலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.