எதற்காக மறுத்தது என்று கேள், தம்பி



நீ அனுப்பிய டிஎல்எஸ் இணைப்பு லைப்ரரியின் சோதனைக் கோப்பை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். கிள்ளானிலிருந்து வேலைக்குப் போய் வரும் கேடிஎம் ரயிலில் எழுதியது என்றாய். 41 சோதனைகள். என் கணினியில் ஓட்டியதும் எல்லாம் பச்சை. பிறகு, சோதனைச் சர்வரைத் தொடங்கும் வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எதிர்முனையில் யாரும் இல்லை, போர்ட்டே திறக்கவில்லை. அப்படியும், கெட்ட சான்றிதழை மறுக்க வேண்டிய ஒன்பது சோதனைகளில் ஏழு பச்சையாகவே நின்றன. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

காரணம் உனக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும். காலாவதியான சான்றிதழ், பெயர் பொருந்தாத சான்றிதழ், யார் கொடுத்தது என்று தெரியாத சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அந்த ஏழு சோதனைகளில் நீ எதிர்பார்த்தது ஒரே பிழை, ஓஎஸ்எரர். பைத்தானில் டிஎல்எஸ் பிழையும் அதன் பிள்ளை, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ பிழையும் அதன் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் யார் வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாய். பைத்தான் 3.7 முதல் சான்றிதழ்ச் சரிபார்ப்புக்கென்றே தனிப் பிழை இருக்கிறது. அதற்குள்ளே ஓபன்எஸ்எஸ்எல் தரும் காரண எண்ணும் இருக்கிறது. காலாவதி என்றால் 10. வழங்கியவரைக் காணவில்லை என்றால் 20. பெயர் பொருந்தவில்லை என்றால் 62. நீ ஒரு இடத்தில்கூட அந்த எண்ணைத் தொடவில்லை.

நான் அதை அச்சிட்டுப் பார்த்தேன். பெயர் பொருந்தாத சான்றிதழுக்கு 62 வந்திருக்க வேண்டும். வந்தது 20. அந்தச் சான்றிதழில் கையொப்பமிட்ட மூலச் சான்றிதழை நீ கிளையண்டுக்குக் கொடுக்கவே இல்லை. அதனால் இணைப்பு வேறு காரணத்துக்காக அறுந்தது, பெயரை ஒப்பிடும் இடத்துக்கு உன் சோதனை ஒரு நாளும் போய்ச் சேரவில்லை. உடனே உன் லைப்ரரிக்குள் போய்ப் பெயர்ச் சரிபார்ப்பை முழுவதுமாக அணைத்தேன். சர்வரை ஓடவிட்டு 41 சோதனைகளையும் ஓட்டினேன். எல்லாம் பச்சை, தம்பி.

பெயர்ச் சரிபார்ப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், பிரவுசர் அல்லாத மென்பொருள்கள் சான்றிதழை எப்படிச் சரிபார்க்கின்றன என்று ஆராய்ந்து, ‘உலகிலேயே ஆபத்தான நிரல்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் என் நெஞ்சில் தைத்தது, நிரல்கள் சர்வரோடு இணைக்கப் பயன்படுத்தும் கர்ல் லைப்ரரியின் கதை. பெயரைச் சரிபார்க்க ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். 2 என்று கொடுத்தால் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கும். அப்போது 1 என்று கொடுத்தால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நிரலாளர்கள் நல்லெண்ணத்தோடு ‘உண்மை’ என்று எழுதினார்கள், அது 1 ஆனது. நம் கொண்டோமினியத்து வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா அடையாள அட்டை கேட்கிறார், நீ யாருடைய அட்டையையோ நீட்டுகிறாய், அதில் பெயர் இருக்கிறது என்று தடுப்பைத் தூக்கிவிடுகிறார். பணம் செலுத்தும் மென்பொருள்கள் பல அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு நவம்பரில் கர்ல் அந்த 1-ஐ ஏற்பதையே நிறுத்தியது. அந்த மென்பொருள்களுக்கும் சோதனைகள் இருந்திருக்கும். அவையும் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், எனக்கு ஒரு நவம்பர் மாதம் மறக்கவில்லை.

2011. உனக்கு அப்போது பள்ளி வயது. 1997-லேயே டிஜிட்டல் கையொப்பச் சட்டம் இயற்றிய நாடு நம்முடையது. அந்தச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் வழங்கிய சான்றிதழ்களில் 22-இன் சாவிகள் வெறும் 512 பிட் என்று அந்த மாதம் தெரிய வந்தது. அந்த அளவு ஆர்எஸ்ஏ எண்ணை 1999-லேயே பகுத்துக் காட்டிவிட்டார்கள். அதைவிட மோசம், எந்த வேலைக்கு உரிய சான்றிதழ் என்ற குறிப்பும் ரத்து விவரமும் அவற்றில் இல்லை. மோசில்லாவும் மைக்ரோசாஃப்ட்டும் அந்நிறுவனத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் மேல் வைத்த நம்பிக்கையை விலக்கின. மேலே நின்று கையொப்பமிட்டிருந்த என்ட்ரஸ்ட் தன் கையொப்பத்தை ரத்து செய்தது. சில நாளில் பாதுகாப்பு நிறுவனமான எஃப்-செக்யூர் இன்னொன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. செர்டாங்கில் இருக்கிற நம் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டிக்கு அதே நிறுவனம் வழங்கிய சர்வர் சான்றிதழ் திருடு போய், அதன் சாவியால் ஒரு தீநிரல் கையொப்பமிடப்பட்டிருந்தது. வெப்சர்வருக்குக் கொடுத்த சான்றிதழ், வைரசுக்கு நற்சான்றாகிவிட்டது. பயன்பாட்டுக் குறிப்பு இல்லாமல் சான்றிதழ் கொடுத்தால் நடப்பது இதுதான்.

இதே பெயரில் அமெரிக்காவின் யூட்டாவிலும் ஒரு டிஜிசெர்ட் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த வாரம் அவர்கள் ‘அது நாங்கள் இல்லை’ என்று உலகத்துக்கே விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். செய்தி வந்த பரபரப்பில் எங்களில் ஒருவர், பெயரை மட்டும் பார்த்து, அமெரிக்க நிறுவனத்தின் மூலச் சான்றிதழை எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். மாலை வரை யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதுதான் நீ கேட்க வேண்டியது. நான் எழுதிய சோதனைகள் எல்லாம் ‘மறுக்கிறதா’ என்று மட்டும் கேட்டன. அன்றைக்கு எங்கள் மென்பொருள் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து மறுத்துக்கொண்டிருந்தது. என் சோதனைகளுக்கு அதில் குறையே தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் கூப்பிடத் தொடங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி, செக்‌ஷன் 14-இல் ஒரு மாமாக் கடையில் ஆறிப்போன தே தாரிக்கை வைத்துக்கொண்டு அந்தக் கோப்பை வரிவரியாகப் படித்தேன். அன்று முதல் எனக்கு ஒரு விதி உண்டு. மறுக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்திலேயே, ஏற்கும் ஓர் இரட்டைச் சோதனை இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வேறுபாடுதான் இருக்கலாம்.

உனக்குச் செய்து காட்டுகிறேன். ‘*.பிஜே.டெஸ்ட்’ என்று ஒரு சான்றிதழ் செய். ‘கடை.பிஜே.டெஸ்ட்’ என்ற பெயரில் இணைத்தால் ஏற்க வேண்டும். ‘புதிய.கடை.பிஜே.டெஸ்ட்’ என்றால் 62 சொல்லி மறுக்க வேண்டும், ஏனென்றால் அந்த நட்சத்திரம் ஒரு படிக்கு மேல் தாண்டாது. அதே சர்வர், அதே மூலம், அதே சாவி. மாறுவது பெயர் மட்டும். இப்போது பெயர்ச் சரிபார்ப்பை யாராவது அணைத்தால் இரண்டாவது சோதனை விழும். யாராவது மூலத்தைத் தொலைத்தால் முதலாவது விழும். காலாவதிக்கும் இப்படி ஓர் இரட்டை வை, பயன்பாட்டுக் குறிப்புக்கும் வை.

இனி ஒன்று சொல்ல வேண்டும். கோப்பின் கடைசியில் கிளையண்ட் சான்றிதழுக்கு நீ எழுதிய அந்தச் சோதனையை நான் நாலு தடவை படித்தேன். டிஎல்எஸ் 1.3-இல், சர்வர் கிளையண்டின் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பே கிளையண்டுக்கு ஹேண்ட்ஷேக் முடிந்துவிடுகிறது. இணைப்பு வெற்றி என்று தோன்றும், மறுப்பு முதல் வாசிப்பில்தான் வந்து சேரும். 1.2-இல் எழுதிப் பழகியவர்கள் இதில் வழுக்கி விழுந்து, காத்திருப்பு நேரத்தைக் கூட்டிப் பார்த்து, கடைசியில் சோதனையையே தவிர்த்துவிடுவார்கள். நீ ஒரு விநாடிகூடத் தூங்க வைக்காமல், ஒரு பைட் வாசித்து, மறுப்பு எந்த வடிவில் வரலாம் என்று யோசித்து, ஏன் இப்படி என்று மூன்று வரிக் குறிப்பும் எழுதியிருக்கிறாய். இருபது வருடம் இந்த வேலையில் இருந்தவர்கள் எழுதியதில்கூட இவ்வளவு தெளிவை நான் கண்டதில்லை. அது முதல்தரமான வேலை. மிகக் கடினமான இடத்தில் காரணம் கேட்கத் தெரிந்தவன், எளிதான ஒன்பது இடத்தில் ஏன் கேட்காமல் போனான் என்பதுதான் என் கோபம்.

இன்னொரு குறை. சோதனைச் சான்றிதழ்களைக் கையால் உருவாக்கி, கோப்பாகப் போட்டுவைத்திருக்கிறாய். எப்படிச் செய்தாய் என்பதற்கு ஒரு வரி நிரல் இல்லை. பைத்தானின் சொந்தச் சோதனைத் தொகுப்பைத் திறந்து பார், சான்றிதழ்களைச் செய்யும் நிரலும் அங்கேயே இருக்கும். உன்னுடையவை ஒரு நாள் காலாவதியாகும்போது நீ விடுப்பில் இருப்பாய். அவசரத்தில் இருக்கும் வேறொருவர் சிவப்பைப் பச்சையாக்க ஒரே வழிதான் கண்டுபிடிப்பார், சரிபார்ப்பை அணைப்பது. அந்த வரி சோதனையோடு நிற்காது, உண்மையான சர்வருக்கும் போய்ச் சேரும். பொதுச் சான்றிதழ்களின் ஆயுளும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2029 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 47 நாள்தான். காலாவதி இனி உன் தொழிலில் தினசரி விஷயம்.

ஒன்பது சோதனைகளையும் திருத்தி, சான்றிதழ் செய்யும் நிரலையும் சேர்த்து அனுப்பு. நான் மறுபடி சர்வரை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டுவேன். உன் மூலச் சான்றிதழ் வருகிற மார்ச் 14-ஆம் தேதி காலாவதியாகிறது.

அன்புடன்,
அண்ணன்
பெட்டாலிங் ஜெயா